க்ரூப் வொர்க் வச்சா ஜனநாயகம் வரும்னாங்க, எனக்கு எட்டு சின்ன சர்வாதிகாரிங்க தான் வந்திருக்காங்க

சாக்பீஸ்_தூசி:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னிக்கு தான் முதல் தடவையா கேள்வி போடறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கங்க.

எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கறேன், 38 பசங்க. குடிமையியல் பாடம் வந்துச்சு. சமத்துவம், கருத்துச் சுதந்திரம், சிறுபான்மையோட உரிமைனு வரிசையா இருக்கு, நான் போர்டுல எழுதறேன் அவங்க காப்பி பண்றாங்க. "எல்லாருக்கும் பேச உரிமை உண்டு"னு எழுதிட்டு இருக்கும்போதே பின்னாடி சத்தம் கேட்டுச்சு, திரும்பி "யார்றா அங்க பேசறது"ன்னு கத்திட்டேன். கத்தின பிறகு போர்டைப் பார்த்தா எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

சரி, இதெல்லாம் எழுதிப்போட்டா வராது, செஞ்சு பார்த்தா தான் வரும்னு கூட்டுக் கற்றலுக்கு மாத்துனேன். ஆறு க்ரூப்ல அஞ்சஞ்சு பேர், ரெண்டு க்ரூப்ல நாலு நாலு பேர். லீடரை அவங்களே ஓட்டுப் போட்டு எடுக்கணும், எந்த முடிவா இருந்தாலும் ஓட்டு, கடைசியில க்ரூப்புக்கு ஒரு சார்ட், ஒரே மார்க். கேக்க நல்லா தான் இருந்துச்சு.

மூணு வாரம் ஆச்சு. எட்டு க்ரூப்ல ஏழுல ரேங்க் வாங்கற பசங்க தான் லீடர், அவங்களே எழுதறாங்க, அவங்களே பேசறாங்க, மத்தவங்க ஸ்கெட்ச் பென் மூடியை மாட்டிக் கழட்டிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு லீடர் பேசறவங்க பேரை எழுதி எங்கிட்ட கொண்டு வந்து குடுக்கறான், நான் கேக்கவே இல்ல. ஒரு பையனோட அம்மா வந்து "என் பையன் உழைச்சதுக்கு மத்தவனுக்கு ஏன் மார்க்"ன்னு கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியல. இதெல்லாம் கூட போகட்டும், ஒரு பொண்ணு வந்து "மிஸ் நான் இனிமே ஓட்டுப் போடல, எப்பவும் அந்தப் பக்கம் மூணு பேர், நாங்க ரெண்டு பேர், நான் கை தூக்கினா என்ன தூக்கலன்னா என்ன"ங்கறா. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

நான் தான் தப்பா பண்றேனா, இல்ல இந்த முறையே இப்படித்தானா?

மூணாவது_பீரியட்:

டீச்சர், நீங்க வச்சது க்ரூப்பா உக்கார வைக்கிறது, கூட்டுக் கற்றல் இன்னும் ஆரம்பிக்கலன்னு நினைக்கிறேன். கோச்சுக்காதீங்க, நானும் ரெண்டு மூணு வருஷம் இதையே பண்ணிட்டு "இது வேலைக்கு ஆகாது"ன்னு விட்டவன் தான், அப்புறம் தான் விஷயம் புரிஞ்சுது.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: அந்த லீடர் மத்த நாலு பேர் இல்லாம அந்த சார்ட்டை முடிக்க முடியுமா? முடியும்னா முடிச்சிருவா. அவ மேல தப்பில்ல, அந்த வேலைக்கு மத்தவங்க தேவையே படல.

ஜிக்ஸாபாதி… ஜிக்சான்னு ஒரு முறை இருக்கு (போன்ல டைப் பண்றேன், எழுத்துப்பிழை வரும்). அது வந்த கதையே உங்க கேள்விக்குப் பதில் மாதிரி தான். 1971ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின்ல, அதுவரைக்கும் தனித்தனியா படிச்ச வெள்ளை, கறுப்பு, மெக்சிகன் வம்சாவளிப் பசங்களை ஒரே வகுப்புல உக்கார வச்சாங்க. நட்பு வரும்னு பார்த்தா அடிதடி வந்துச்சு. எலியட் அரான்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர் தன்னோட மாணவர்களைக் கூட்டிட்டுப் போய் வகுப்பைக் கவனிச்சாரு. அவர் கண்ணுல பட்டது போட்டி. டீச்சர் கேள்வி கேக்கறாங்க, ஆறேழு கை மேல போகுது, ஒருத்தனைக் கூப்பிட்டா மத்தவங்க மூஞ்சி தொங்குது, கூப்பிட்டவன் தப்பா சொன்னா மத்தவனுக்கு சந்தோஷம். இன்னொருத்தன் தோத்தா தான் நமக்கு சான்ஸ்ங்கற இடத்துல யார் யாரோட நட்பா இருப்பா?

அதனால அவங்க பாடத்தைத் துண்டு துண்டா வெட்டினாங்க. க்ரூப்ல ஆறு பேர்னா ஆறு துண்டு, ஆளுக்கு ஒண்ணு, அடுத்தவன் துண்டு உன் கையில கிடையாது. ஒரே துண்டு கிடைச்சவங்க எல்லா க்ரூப்ல இருந்தும் வந்து தனியா ஒண்ணு கூடி அலசிட்டு, திரும்பி அவங்கவங்க க்ரூப்புக்குப் போய் சொல்லிக் குடுக்கணும். டெஸ்ட் மொத்தப் பாடத்துக்கும், ஆனா தனித்தனியா. அதுல ஒரு பையன், ஆங்கிலம் அவன் தாய்மொழி இல்ல, திக்கித் திக்கி சொல்றான், மத்தவங்க கிண்டல் பண்றாங்க. கூட இருந்த உதவியாளர் திட்டல, "அவன்கிட்ட இருக்கறது உங்களுக்குத் தெரியணும், இன்னும் கொஞ்ச நேரத்துல டெஸ்ட்"ன்னு மட்டும் சொன்னாரு. கிண்டல் நின்னு, பசங்க கேள்வி கேட்டுக் கேட்டு அவன்கிட்ட இருந்து விஷயத்தை வாங்கக் கத்துக்கிட்டாங்க. "மத்தவங்களை மதிக்கணும்"னு யாரும் பாடம் எடுக்கல பாருங்க.

மார்க் விஷயத்துல அந்த அம்மா கேட்டது நியாயம். ஒரே சார்ட்டுக்கு ஒரே மார்க்கை விட்டுடுங்க. ராபர்ட் ஸ்லாவின்னு ஒருத்தர் பரப்பின முறைல ஒவ்வொருத்தரும் தனியா டெஸ்ட் எழுதுவாங்க, தன்னோட பழைய சராசரியை விட எவ்வளவு ஏறினாங்களோ அது க்ரூப்புக்குப் பாயிண்ட். 30 வாங்கறவன் 45 வாங்கினா 90ல இருந்து 92க்குப் போனவனை விட க்ரூப்புக்கு அதிகம் கொண்டு வரான். அப்போ ரேங்க் பொண்ணே அவனுக்கு உக்காந்து சொல்லிக் குடுப்பா, அவளுக்கே அது லாபம்.

அப்புறம் அஞ்சு பேர் அதிகம், நாலா குறைங்க. ரிங்கல்மன்னு ஒரு பிரெஞ்சு பொறியாளர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கயிறு இழுக்க வச்சுப் பார்த்தாரு, எட்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒருத்தர் போடற பலம் தனியா இழுக்கும்போது போடறதுல பாதி தான் வந்துச்சு. கூட்டம் பெருசாகப் பெருசாக ஒளிஞ்சுக்க இடம் கிடைச்சிருது.

எதிர்வாதம்:

நானும் வாத்தியார் தான், இதுல எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்லன்னு முன்னாடியே சொல்லிடறேன்.

ஜிக்சா நல்ல முறை, சரி. பசங்க நல்லா படிக்கலாம், சண்டை குறையலாம். ஆனா அதை ஜனநாயகம்னு சொல்றது கொஞ்சம் ஓவர். என்ன பாடம், யார் எந்த க்ரூப், எவ்வளவு நேரம், எப்படி மார்க், எல்லாம் டீச்சர் முடிவு. பசங்களுக்கு விட்டது சார்ட் பார்டர் சிவப்பா பச்சையாங்கறது. அதுக்கு ஒரு ஓட்டெடுப்பு. பசங்க முட்டாள் இல்ல, இது விளையாட்டுன்னு ரெண்டாவது நாளே கண்டுபிடிச்சிருவாங்க.

இன்னொண்ணு, சேர்ந்து வேலை செய்யறது வேற, ஜனநாயகம் வேற. கூட்டமா காப்பி அடிக்கறவங்ககிட்ட இல்லாத ஒத்துழைப்பா? பங்கு பிரிச்சுக்கறாங்க, ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் குடுக்க மாட்டாங்க. ஒத்துழைக்க மட்டும் கத்துக் குடுத்தா நல்ல கீழ்ப்படியற கும்பல் தான் கிடைக்கும். அந்தப் பேரு எழுதிக் குடுக்கற பையன் ரொம்ப நல்லா ஒத்துழைக்கறான், யாரோடன்னு பாருங்க, உங்களோட.

40 நிமிஷப் பீரியட்ல இதெல்லாம் எங்க நடக்குதுன்னும் தெரியல.

மெதுவா_பேசு:

எதிர்வாதம் சார் சொன்னதுல பாதி எனக்கு சரின்னு படுது, அதுவும் கும்பல் பத்தி சொன்னது. ஆனா நேரக் கணக்கை ஒத்துக்க மாட்டேன். 40 நிமிஷத்தை 38 பேருக்குப் பிரிச்சா, டீச்சர் ஒரு வார்த்தை பேசலைன்னா கூட ஆளுக்கு ஒரு நிமிஷம் சொச்சம். ஜோடியா பேச விட்டா எந்த நேரத்துலயும் வகுப்புல பாதிப் பேர் வாய் திறந்திருக்கும். முதல்ல தனியா யோசி, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களோட பேசு, அப்புறம் வகுப்புக்கு சொல்லு, இது பத்து நிமிஷத்துல முடியும். பேச்சுரிமையைப் பத்தி ஒரு மணி நேரம் கேக்கறதை விட அஞ்சு நிமிஷம் பேசறது மேல் இல்லையா.

டீச்சர், உங்க ஏழு லீடர் விஷயத்துக்கு வரேன். இதைப் பத்தி எலிசபெத் கோஹன்னு ஒரு ஆய்வாளர், ஸ்டான்ஃபோர்டுல இருந்தவங்க, பல வருஷம் வேலை பார்த்திருக்காங்க. அவங்க சொல்றதோட சாரம் இது தான்: வகுப்புக்குள்ள ஏற்கெனவே ஒரு ஏணி இருக்கு. யார் படிக்கிற பையன், யாருக்கு ஃப்ரெண்ட்ஸ் அதிகம், யார் "ஒண்ணுக்கும் ஆகாதவன்"ன்னு எல்லாருக்கும் தெரியும். க்ரூப் போட்டதும் அந்த ஏணி சின்ன சைஸ்ல எட்டு மேசையிலயும் வந்து உக்காந்துக்கும். மேல இருக்கறவன் அதிகம் பேசுவான், அதிகம் பேசறவன் அதிகம் கத்துக்குவான், அதனால இன்னும் மேல போவான். கீழ இருக்கறவன் சரியான விடை சொன்னாலும் காதுல விழாது, அதே விடையை ரெண்டு நிமிஷம் கழிச்சு மேல இருக்கறவன் சொன்னா "ஆமால்ல"ம்பாங்க. நீங்க சும்மா ஓட்டு மட்டும் குடுத்தா அந்த ஏணிக்கு ஒரு சீல் குத்திக் குடுத்த மாதிரி. ஏழு க்ரூப்ல ரேங்க் பசங்க ஜெயிச்சதுல ஆச்சரியமே இல்ல.

அவங்க சொன்ன வழி ரெண்டு. ஒண்ணு, ஒரே ஒரு திறமை பத்தாத வேலையைக் குடுக்கணும். படிக்கணும், வரையணும், அளக்கணும், நடிச்சுக் காட்டணும், ஆளுங்ககிட்ட கேட்டு வரணும், இப்படிக் கலந்து இருக்கணும். ஆரம்பிக்கும்போதே "இதுக்கு வேண்டிய எல்லாமே உங்கள்ல ஒருத்தர்கிட்டயே இருக்காது, ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் ஏதோ ஒண்ணு இருக்கு"ன்னு சொல்லிடணும். ரெண்டாவது, நீங்க சுத்தி வரும்போது காதைத் தீட்டிக்கிட்டு வரணும். யாரும் கண்டுக்காத பையன் உருப்படியா ஒண்ணு செஞ்சா அந்த இடத்துலயே, எல்லாரும் கேக்கற மாதிரி, என்ன செஞ்சான்னு குறிப்பா சொல்லணும். "வெரி குட்"ன்னா பிரயோஜனம் இல்ல. "இவன் ரெண்டு பத்தியில சொல்றதும் ஒத்துப்போகலன்னு பிடிச்சான் பாருங்க, அதைத் தீர்க்காம உங்க க்ரூப் மேல போக முடியாது"ன்னு சொன்னா மத்த மூணு பேரும் அவன் பக்கம் திரும்புவாங்க. பொய்யா புகழ்ந்தா அன்னிக்கே மாட்டிக்குவீங்க, பசங்களுக்கு வாசனை தெரியும்.

பேச்சை சமப்படுத்த ஒரு சின்ன வேலை: ஆளுக்கு மூணு பேப்பர் துண்டு, ஒரு தடவை பேசினா ஒண்ணை நடுவுல போடணும், மூணும் தீந்தா எல்லாரும் போடற வரைக்கும் வாய மூடணும். முதல் நாள் ரேங்க் பசங்க ரெண்டு நிமிஷத்துல மூணையும் போட்டுட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருப்பாங்க, பார்க்கவே நல்லா இருக்கும்.

அந்த லீடர் பதவியை எடுத்துடுங்க. கேள்வி கேக்கறவர், எழுதறவர், நேரம் பார்க்கறவர், எல்லாரும் பேசினாங்களான்னு பார்க்கறவர்னு நாலு வேலை வச்சு வாரம் ஒருக்கா சுத்தி விடுங்க.

கடைசி_பெஞ்ச்_22:

நான் டீச்சர் இல்ல, இந்த தலைப்பைப் பார்த்து உள்ள வந்தேன். அந்த ஸ்கெட்ச் பென் மூடியைக் கழட்டி மாட்டினவன் நான் தான் (உங்க கிளாஸ்ல இல்ல, என் ஸ்கூல் காலத்துல).

எங்க க்ரூப்ல எனக்கு எப்பவும் கலர் அடிக்கற வேலை. நாலு வருஷம் கலர் அடிச்சேன். பாடத்துல என்ன இருக்குன்னு யாரும் எங்கிட்ட கேட்டதில்ல, நானும் தெரிஞ்சுக்க மெனக்கெடல, சோம்பேறின்னு சொன்னாங்க, ஆமா சோம்பேறி தான், ஆனா எப்படி ஆனேன்னா முதல்ல ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்தேன், எழுதறவ தலைய நிமிந்தே பார்க்கல, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன். அந்தப் பொண்ணு ஓட்டுப் போட மாட்டேன்னு சொன்னது படிச்சதும் அதான் ஞாபகம் வந்துச்சு. அவ உங்ககிட்ட வந்து சொல்லவாவது செஞ்சா. நான் யார்கிட்டயும் சொல்லல.

இப்போ ஆபீஸ் மீட்டிங்ல கூட ஏதாவது தோணினா வாய் வரைக்கும் வந்து நின்னுரும்.

சாக்பீஸ்_தூசி:

எல்லாருக்கும் நன்றி. கடைசி பெஞ்ச் தம்பி, உங்களோடது படிச்சிட்டு கொஞ்ச நேரம் போனை வச்சிட்டேன்.

எதிர்வாதம் சார், பேரு எழுதிக் குடுக்கறவன் பத்தி சொன்னது உறைச்சுது. நான் வாங்கிக்கிட்டேன்ல, வாங்கி ரெண்டு பேரைத் திட்டவும் செஞ்சேன். அவனை உருவாக்கினது நான் தான்.

ஜிக்சாவும் அந்த நாலு வேலையும் பண்ணிப் பார்க்கறேன். ஆனா அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது? மூணுக்கு ரெண்டுன்னா மூணு தானே ஜெயிக்கணும், அது தானே ஜனநாயகம்னு நானே போர்டுல எழுதிப் போட்டிருக்கேன்.

மூணாவது_பீரியட்:

அவ தான் உங்க பாடத்தை சரியா புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு டீச்சர். எப்பவும் அதே மூணு பேர் ஜெயிக்கற இடத்துல ஓட்டு ஒரு சடங்கு.

எங்க வகுப்புல ஓட்டு கடைசி வழி. முதல்ல விரல் காட்டணும். அஞ்சு விரல்னா முழு சம்மதம், மூணுன்னா ஓகே, ஒண்ணுன்னா பெரிய சந்தேகம், மூடின கைன்னா முடியவே முடியாது. ஒண்ணோ மூடின கையோ காட்டினவங்க காரணம் சொல்லணும், மத்தவங்க அதைக் கேட்டுட்டு யோசனையை மாத்தப் பார்க்கணும், ரெண்டு சுத்து போயும் ஒத்து வரலைன்னா தான் ஓட்டு. அஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆனா தோத்தவன் என்ன நினைச்சான்னு ஜெயிச்சவனுக்குத் தெரியும். அதோட சார்ட்டுல கீழ "மாற்றுக் கருத்து"ன்னு ஒரு கட்டம் விட்டுடுவேன். நீதிமன்றத்துல ஒத்துப்போகாத நீதிபதி தன் தீர்ப்பைத் தனியா எழுதறார்ல, அது மாதிரி. ஒரு தடவை அந்தக் கட்டத்துல எழுதினது தான் சரின்னு அடுத்த வாரப் பாடத்துல வந்துச்சு, அந்தப் பையன் மூஞ்சியைப் பார்க்கணுமே.

இன்னொண்ணும் பண்ணுங்க, ஜான்சன் சகோதரர்கள், டேவிட்டும் ரோஜரும், மினசோட்டா பல்கலைக்கழகத்துல இருந்துக்கிட்டு வளர்த்த முறை. நாலு பேர்ல ரெண்டு பேர் ஒரு பக்கம், ரெண்டு பேர் எதிர்ப்பக்கம். வாதாடி முடிச்சதும் பக்கம் மாறணும். இவ்வளவு நேரம் எதிர்த்ததுக்கு இப்போ நீ தான் வக்கீல். அப்புறம் ரெண்டு பக்கத்தையும் கீழ வச்சிட்டு நாலு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எழுதணும். பட்டிமன்றத்துல அணி மாறவே மாட்டாங்க, ஜெயிச்சா போதும். இதுல எதிராளி சொன்னதை அவனை விட நல்லா சொல்லணும். அந்த மூணுக்கு ரெண்டு அங்க தானா உடையும்.

எதிர்வாதம்:

விரல் முறை நல்லா இருக்கு, நான் எடுத்துக்கறேன். ஆனா என் முதல் கேள்வி அப்படியே நிக்குது, எதை முடிவு பண்ண விடறீங்க?

மெதுவா_பேசு:

சார் அது தான் கஷ்டமான இடம், நாம விட்டுக் குடுக்க வேண்டிய இடம். பாடத்திட்டம் நம்ம கையிலயே இல்ல, அதை விடுங்க. டெஸ்ட் எந்த நாள், எந்தப் பாடம் முதல்ல, யார் எங்க உக்காரறது, வகுப்பு விதி என்ன, விதியை மீறினா என்ன, வீட்டுப்பாடத்தை எப்படி சரிபார்க்கறது, இதெல்லாம் நம்ம கையில தான இருக்கு? எதைக் குடுக்க முடியாதோ அதை "இது உங்க முடிவு இல்ல"ன்னு நேரா சொல்லிடலாம், பசங்க ஏத்துக்குவாங்க. முடிவு பண்ணச் சொல்லிட்டு நமக்குப் பிடிக்காத முடிவு வந்ததும் மாத்தறோம் பாருங்க, அதை மறக்கவே மாட்டாங்க. பாதிக்கற விஷயத்துல கருத்து சொல்ல குழந்தைக்கு உரிமை இருக்குன்னு 1989ல ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையிலேயே 12வது பிரிவா போட்டிருக்கு, நம்ம கருணை ஒண்ணும் இல்ல.

வார்சாவுல யானுஷ் கோர்சாக்னு ஒரு டாக்டர் அனாதை இல்லம் நடத்தினாரு. அங்க குழந்தைங்களோட நீதிமன்றம் இருந்துச்சு, நீதிபதிங்க குழந்தைங்க, பெரியவங்க மேலயும் கேஸ் போடலாம், அவர் மேலயே போட்டிருக்காங்க, அவரும் போய் நின்னிருக்காரு. சட்டப் பிரிவுகள்ல நிறைய மன்னிக்கறது தான். அவ்வளவு தூரம் நம்மால முடியாது. வாரம் ஒரு இருபது நிமிஷம், ஒரு பெட்டி, அதுல யார் வேணா புகார் போடலாம், டீச்சர் மேலயும். அது முடியும்.

லெவின், லிப்பிட், வைட்னு மூணு பேர் 1930கள்ல பத்து வயசுப் பசங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. அதட்டற தலைவர் இருந்த குழு, அவர் வெளிய போனதும் வேலையை நிறுத்திடுச்சு. கலந்து பேசி முடிவு பண்ண குழு, தலைவர் போனாலும் செஞ்சுட்டு இருந்துச்சு. சும்மா விட்ட குழுவுல வேலையே சரியா நடக்கல, அதனால விட்டுக் குடுக்கறதுன்னா கண்டுக்காம விடறதுன்னு எடுத்துக்காதீங்க. அஞ்சு நிமிஷம் வகுப்பை விட்டு வெளிய நின்னு பாருங்க, உங்க வகுப்பு இதுல எதுன்னு தெரிஞ்சுரும்.

சாக்பீஸ்_தூசி:

ஆறு வாரம் கழிச்சு வந்திருக்கேன்.

ஜிக்சா முதல் தடவை சந்தை மாதிரி ஆயிருச்சு, பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துட்டுப் போனாரு. ரெண்டு பசங்க அன்னிக்கு லீவு, அவங்க துண்டு யார்கிட்டயும் இல்ல, அதை யோசிக்கவே இல்ல நான். இப்போ ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாற்று ஆள் வச்சிருக்கேன். மூணாவது தடவை தான் ஒழுங்கா வந்துச்சு. பேரு எழுதிட்டு இருந்தவன் இப்போ எல்லாரும் பேசினாங்களான்னு பார்க்கறவர், அதே நோட்டுல கோடு போட்டு எண்றான், ஆனா இப்போ அதை க்ரூப்புக்குத் தான் காட்டணும், எனக்கு இல்ல.

அந்தப் பொண்ணு பக்கம் மாறி வாதாடினதுல கலக்கிட்டா. ஓட்டுப் போடறாளான்னு நான் கேக்கல.

சரியா வராதது: ரேங்க் பொண்ணு ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருக்கா. "நானே பண்ணிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும் மிஸ், இதை விட நல்லாவும் இருந்திருக்கும்"ங்கறா. உண்மை தானே, நல்லா தான் இருந்திருக்கும். என்ன சொல்றதுன்னு தெரியாம "பார்ப்போம்"னு சொல்லி வச்சிருக்கேன்.

பெட்டியும் வச்சாச்சு. போன வாரம் வகுப்பு சேர்ந்து ஒரு விதி போட்டாங்க, டீச்சர் ஒரே மூச்சுல பத்து நிமிஷத்துக்கு மேல பேசக் கூடாதுன்னு. நான் விரல்ல ரெண்டு காட்டினேன், காரணம் சொன்னேன், கேட்டாங்க, அப்புறம் ஓட்டுல தோத்துட்டேன். செவ்வாய்க்கிழமை பதினேழு நிமிஷம் பேசிட்டேனாம், நேரம் பார்க்கறவன் குறிச்சு வச்சிருக்கான். நாளைக்குக் கூட்டம், பெட்டியில இருக்கற முதல் சீட்டு என் பேர்ல தான்.